ஏழாம் கூண்டின் நல்லபடி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு நோட்டுகள் இருந்தன. கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கையோடு எழுதுவது ரஃப் நோட்டு. சனிக்கிழமை மதியம் மேசையில் உட்கார்ந்து, ரஃபைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது நல்லபடி. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் வைத்த பெயர் அது. அடித்தல் திருத்தல் இல்லாத நல்ல பிரதி என்று பொருள். பதினொரு வருடம் நான் நல்லபடி எழுதினேன். ஒரே ஒரு வாரம் தவிர, ரஃபில் இருந்த எண் நல்லபடியில் மாறியதில்லை.

இடம் முசரவாக்கம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட நீளக் கட்டிடம். கால்நடைத் தீவனமும் மருந்தும் சோதித்துப் பார்க்கும் தனியார் கூடம். காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஏழு இருபது வண்டியைப் பிடித்தால் ஏழு ஐம்பதுக்குள் போய்விடலாம். கருட சேவை அன்று மட்டும் வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு எட்டு மணி வெப்ப அளவை எட்டு நாற்பதுக்கு எடுத்து, காரணத்தையும் பக்கத்தில் எழுதிவைப்பேன்.

வேலை முயல்களோடு. பன்னிரண்டு கூண்டு, கூண்டுக்கு ஒரு முயல். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெப்பமானியை வைத்துத் தைத்திருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது உடல்வெப்பத்தைக் கணினிக்கு அனுப்பும். பொத்தான் பழுதாகலாம் என்பதால், காலை எட்டு, பதினொன்று, மதியம் இரண்டு, மாலை ஐந்து ஆகிய நான்கு வேளையும் நான் கைத் தெர்மாமீட்டரால் அளந்து ரஃபில் எழுத வேண்டும். சரிபார்க்கும் அளவு என்று அதற்குப் பெயர். யாரும் சரிபார்த்ததில்லை.

பாலூட்டிகளின் உடல்வெப்பம் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாறுவது பலருக்கும் தெரியும். அதற்குள்ளேயே, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னதாக ஏறி இறங்கும் இன்னோர் அலையும் உண்டு. முயலுக்கும் உண்டு, இதைப் படிக்கிறவருக்கும் உண்டு. ஆனால் முயல் தின்றாலும் வெப்பம் ஏறும், குதித்தாலும் ஏறும், கதவு சாத்தும் சத்தத்துக்கு மிரண்டாலும் ஏறும். இவற்றில் எது அந்த அலை, எது வெறும் மிரட்சி என்று கண்ணால் பிரிக்க முடியாது. அதைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று வேண்டும் என்று எங்கள் தலைவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். எல்லோரும் சார் என்போம்.

என் தம்பியை அங்கே அழைத்துப் போனது நான்தான். இதை யார் தலையிலும் போட முடியாது.

தம்பி பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் கடையில் ஒன்பது வருடம் இருந்தான். மயிலையும் மாங்காயையும் கணினியில் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த இடத்தில் எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்கு அட்டை அடித்துக் கொடுக்கும் வேலை. அங்கே அவனே ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். பழைய புடவையின் படத்தைக் கொடுத்தால், அதில் திரும்பத் திரும்ப வரும் உருவைக் கண்டுபிடித்து, கறையையும் கிழிசலையும் நீக்கிச் சுத்தமான டிசைனாகக் கொடுத்துவிடும். கடைக்காரர் அதைத் தன் பெயரில் வைத்துக்கொண்டார். தம்பி சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம் அது.

சாரிடம் அவன் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"டிசைன்ல ஒரு புள்ளி தப்பா விழுந்தா இன்னா ஆவும் தெரியுமா சார்? மயிலுக்கு ரெண்டு மூக்கு வந்துடும். ஒரு மயிலுக்கு இல்ல, புடவைல இருக்குற அத்தினி மயிலுக்கும். அதனால என் புரோகிராம் மொதல்ல ரிப்பீட்டைக் கண்டுபிடிக்கும். அப்புறம் ரிப்பீட்டோட சேராததைப் பிசிறுன்னு எடுத்துடும்."

"எடுத்த இடம் காலியா நிக்காதா?"

"காலியா விட்டா துணில நூல் தொங்கும் சார். பக்கத்து ரிப்பீட்டைப் பார்த்து அதுவே ரொப்பிக்கும்."

"முயலுக்கும் இதானேப்பா நமக்கு வேணும்."

"அதே தான் சார். மயில் இருந்த எடத்துல முயல்."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன். பட்டில் ஒழுங்கோடு சேராதது பிழை. உடம்பில் ஒழுங்கோடு சேராததுதான் சேதி. அங்கே இருந்த மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. தம்பிக்குத் தோன்றாததில் வியப்பில்லை. அவன் பதினெட்டு வயதிலிருந்து பிசிறு எடுத்தவன். தினம் நான்கு முறை முயலைத் தொட்டவள் நான்.

மூன்றே மாதத்தில் செய்து முடித்தான். திரையில் பன்னிரண்டு கோடுகள், ஒவ்வொன்றிலும் ஏற்றமும் இறக்கமும் புடவைக் கரை போல வரிசையாக ஓடின. சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷம் இது உள்ள இருந்திருக்கு பாரும்மா" என்றார்.

முயல்களுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறவர் மாகறல்காரர். ஐம்பத்தைந்து வயது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அவருக்குத் திரையின் மேல் மரியாதை இல்லை. முயலின் காதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்ப்பார், அவ்வளவுதான்.

"டிவில இன்னா சொல்றான் மேடம்? இன்னைக்கு எல்லாரும் சௌக்கியமா?" என்று தினமும் கேட்பார்.

"எல்லாம் சௌக்கியம்ணா."

"நான் சொன்னாலும் அதான் சொல்லியிருப்பேன். எனக்குக் கரண்டு வேணாம்."

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி அளவுக்கு நான் போனபோது அவர் ஏழாம் கூண்டின் முன்னால் குந்தியிருந்தார்.

"ஏழு சரியில்ல மேடம். காது சில்லுனு இருக்குது. காலைல வெச்ச தீனி அப்பிடியே கெடக்குது. புழுக்கையும் போடல."

அளந்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஒன்று. முயலுக்கு அது குறைவு. முப்பத்தெட்டரைக்கு மேலே, முப்பத்தொன்பதை ஒட்டித்தான் அதற்கு இருக்க வேண்டும். திரையில் ஏழாம் கோடு முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது காட்டியது. அழகாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு என் அளவு முப்பத்தேழு புள்ளி எட்டு. ஐந்து மணிக்கு முப்பத்தேழு புள்ளி நான்கு.

ஐந்து பத்துக்குச் சாரிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"உன் தெர்மாமீட்டர் வெளிய இருந்து அளக்குது. பொத்தான் உள்ள இருந்து அளக்குது. எதை நம்பறது?"

"தீனியும் எடுக்கல சார். அவரும் சொல்றார்."

"அவர் காதைப் பிடிச்சுப் பார்த்தாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

புதன்கிழமை சார் சென்னைக்குப் போயிருந்தார். தீனிக்காரர் தன் செலவில் ஓர் இளநீர் வாங்கிவந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஏழாம் முயலின் வாயோரத்தில் விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் வழிந்துவிட்டது. அன்றைய நான்கு அளவுகளும் முப்பத்தேழுக்குக் கீழே. நான்கையும் எழுதினேன். பொத்தான் கணினிக்கு அனுப்பியதும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான் என்று பின்னால் தம்பியே ஒத்துக்கொண்டான். மென்பொருள் அவற்றைப் பிசிறு என்று எடுத்துவிட்டு, திங்கட்கிழமையின் அலையை அந்த இடத்தில் ரொப்பிக்கொண்டிருந்தது.

வியாழன் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு நான் உள்ளே நுழைந்தபோது முயல் செத்து விறைத்திருந்தது. எட்டு முப்பத்தைந்துக்குத் திரையைப் பார்த்தேன். ஏழாம் கோடு ஓடிக்கொண்டிருந்தது. செத்த முயலின் உடல்வெப்பம் மெல்ல ஏறி, ஒரு வளைவு வளைந்து, இறங்கத் தொடங்கியது. பார்த்த நேரத்தை ரஃபில் எழுதினேன்.

ஒரு முயல் செத்தால் விலங்கு நலக் குழுவுக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அறுத்துப் பார்த்ததில் இரைப்பையில் தீனி காய்ந்து கட்டியாக நின்றிருந்தது. தண்ணீர் போதவில்லை என்றால் இப்படி ஆகும். வயிறு வேறு காரணத்தால் நின்றுபோனாலும் இப்படித்தான் ஆகும். இரண்டு நாள் உடல்வெப்பம் சரிந்துகொண்டே போனது, சொல்லியும் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை என்றால் பழி ஒரு பக்கம். கடைசிவரை நன்றாக இருந்த முயல் திடீரென்று செத்தது, தீனிக்காரர் தண்ணீர்க் குழாயைப் பார்க்கவில்லை என்றால் பழி இன்னொரு பக்கம். இரண்டில் எது என்பது என் நோட்டில் இருந்தது. சனிக்கிழமை வரவில்லை, அதனால் நல்லபடி இன்னும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தம்பி வீட்டுக்கு வந்தான். காபி வேண்டாம் என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார் போன் பண்ணாரு. கிராப்ல நார்மல்னு இருக்குது, பதிவேட்டுல வேற மாதிரி இருந்தா கமிட்டி உன்னைத்தான் கேக்கும்னு சொன்னாரு."

"வேற மாதிரித்தான் இருக்குது. நான் அளந்தேன்."

"அக்கா, அந்த ரொப்புறதை நான் தூக்கிடறேன். நாலு நாள் வேலை. இனிமே ஒரு முயலுக்கும் ஆவாது. ஆனா இது இப்போ வெளிய வந்தா இதோட முடிஞ்சுது. கடைல ஒருத்தன் என் பேரைத் தின்னான். இங்கயும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"அந்த அண்ணன் மேல போடுவாங்கடா."

"ஒரு மெமோ குடுப்பாங்க. அவ்ளோதான். அவரு இன்னா ஆபீசரா, ரெக்கார்டு கெட்டுப்போறதுக்கு?"

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"நீ எதையும் திருத்தத் தேவையில்லக்கா. இன்னும் எழுதவேயில்ல இல்ல. நாளைக்கு நல்லபடியா எழுதிடு."

அவனுக்கு எங்கள் கூடத்துச் சொல் தெரியாது. நல்லவிதமாக எழுது என்றுதான் சொன்னான். எனக்கு அது இரண்டு விதமாகவும் கேட்டது.

சனிக்கிழமை மதியம் இரண்டேகாலுக்குத் தொடங்கி மூன்று பத்துக்கு முடித்தேன். பதினொரு கூண்டுகளுக்கு ரஃபைப் பார்த்து எழுதினேன். ஏழாம் கூண்டுக்குத் திரையைப் பார்த்து எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை. தம்பிக்காகச் செய்தேன் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஏன் எழுத்தில் கொடுக்கவில்லை என்று என்னைக் கேட்பார்களே என்ற பயமும் அதில் இருந்தது. எது எத்தனை பங்கு என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

திங்கட்கிழமை விசாரணை. சாரும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தீனிக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தண்ணிக் குழாயை எப்போ பார்த்தீங்க?"

"தெனமும் பாக்கறேன் சார். செவ்வாக்கெழமையே ஏழு சரியில்லன்னு மேடம்கிட்ட சொன்னேன். மேடமும் அளந்தாங்க. சூடு எறங்கிக்கினே போச்சு."

"கிராப்ல அப்படி இல்லையே."

"எனக்கு கிராப்பு தெரியாது சார். மேடம் நோட்டுல இன்னா இருக்குதோ அதான் கரெக்ட்டு. அத்தைப் பாருங்க."

பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்கள். அவர் எட்டாவது வரை படித்தவர். எண்கள் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கடைசி வரியில் விரல் நின்றது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ரஃப் நோட்டு ஒண்ணு வெச்சிருப்பீங்களே மேடம்?"

"நல்லபடி எழுதினப்புறம் ரஃபை வெச்சுக்கறதில்லண்ணா" என்றேன்.

அது என் மடியில் இருந்த பைக்குள் இருந்தது.

மெமோ இல்லை, அவரை வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். கூண்டுச் சாவிகளை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

தம்பி சொன்ன நாலு நாளில் சரிசெய்தான். இப்போது ஒழுங்கோடு சேராதது வந்தால் மென்பொருள் அதை எடுப்பதில்லை, சிவப்பில் காட்டுகிறது. அதற்குப் பிறகு இரண்டு முயல்களை அது காப்பாற்றியிருக்கிறது. நல்ல மென்பொருள்தான். வேறு கூடங்களிலும் வாங்கியிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சார் எழுதிய கட்டுரையின் கடைசிப் பத்தியில், துல்லியமான பதிவுகளுக்காக என்று எனக்கு ஒரு நன்றி இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்து, புதிதாக வந்த தீனிக்காரன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான்.

"முன்னாடி இருந்தாரே அந்த மாகறல் பெருசு, அவரை ஊர்ல முயல்கறின்னுதான் கூப்புடறாங்க மேடம். முயலை அறுத்துத் துன்னுட்டாரு, அதான் தொரத்திட்டாங்கன்னு."

மறுநாள் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரஃப் நோட்டை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"இப்ப எதுக்கும்மா? ஃபைல் முடிஞ்சாச்சு. அவருக்கும் வயசாச்சு. உன் தம்பியையும் நெனச்சுப் பாரு" என்றார். நோட்டை என் பக்கம் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மாகறலுக்குப் போனேன். சாமி உடும்பு உருவில் வந்ததாகச் சொல்லும் கோயிலுக்கு எதிர்த் தெருவில், தேநீர்க்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். தம்பி வந்தது, திரையைப் பார்த்து எழுதியது, நோட்டு பையில் இருந்தது, எல்லாம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டினார்.

"குடுங்க மேடம். எல்லாரும் இங்கதான் இருக்கானுங்க. காட்டலாம்."

மறுபடி கடைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"முயல்கறி முயல்கறின்னீங்களேடா. இந்தா, மேடமே வந்துக்கிறாங்க. நோட்டைப் பாருங்க."

"இன்னாய்யா இது?"

"ஏழாம் நம்பரோட சூடு. செவ்வா, பொதன் ரெண்டு நாளும் எறங்கிக்கினே போச்சு. சீக்கு வந்து செத்துது. நான் அப்பவே சொன்னேன்."

ஒருவர் நோட்டை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு என் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். ஏதோ மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

"முப்பத்தேழு புள்ளி நாலு. முப்பத்தாறு புள்ளி ஒம்போது. இது நார்மல்பா. மனுசனுக்கே இதான். ஜொரம்னா முப்பத்தெட்டுக்கு மேல போவணும்."

"மொதல்ல முப்பத்தெட்டுன்னுதான் எழுதிக்கீது" என்று தீனிக்காரர் விரலை வைத்துக் காட்டினார்.

"அப்போ ஜொரம் வந்து எறங்கிடுச்சு. முயல் தேறிக்கினு வந்துக்குது."

"தேறினதைத்தான் அறுத்தியா?" என்று இன்னொருவர் கேட்டார். பெஞ்சு சிரித்தது.

"சாமியே உடும்பா வந்த ஊருய்யா இது. முயலு எம்மாத்திரம்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

நான் விளக்கினேன். முயலுக்கு இயல்பான வெப்பம் மனிதனைவிட அதிகம், முப்பத்தேழு என்பது அதற்குச் சாவுக் குளிர், காய்ச்சல் இல்லை என்று சொன்னேன். எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். "அப்பிடிங்களா மேடம்" என்றார் கண்ணாடிக்காரர். நோட்டை மூடி, முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்குது" என்றார்.

தீனிக்காரர் நோட்டை அவரிடமிருந்து வாங்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். அன்னைக்கு இத்தைக் காட்டியிருந்தா அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இவனுங்களுக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க கெளம்புங்க. பஸ்ஸு போயிடும்."

பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். நிறுத்தத்தில் போய் நின்றேன். கடையில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் குரலும் அதில் இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.